சுட்ட புண்ணும் பட்டைத் தண்ணீரும்

நேற்றுக் காலை ஒரு வண்டி நிறைய ஆவாரம்பட்டை எங்கள் தெரு வழியாகப் போயிற்று. முதல் நாள் மழையில் நனைந்த பட்டை. அதற்கு ஒரு வாசனை உண்டு. பழைய மரப்பெட்டியும் கொதிக்கிற தேயிலையும் கலந்தாற்போல், துவர்ப்பு மூக்குக்கே தெரிகிற வாசனை. ஆம்பூருக்கு வந்த புதிதில் இதற்காகவே ஜன்னலைத் திறந்து வைப்பேன். மற்ற வாசனைகளுக்குச் சாத்திவிடுவேன் என்பது வேறு விஷயம். தோல் ஊரில் குடியிருப்பவர்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது.

நேற்று அந்த வண்டிக்கும் ஜன்னலைச் சாத்தினேன். காபி ஆறிப்போய் ஏடு கட்டியது.

பட்டை வாசனைக்கு ஒருத்தி ஏன் பயப்பட வேண்டும்? கேட்பீர்கள். சொல்கிறேன். இந்த வாரம் அதைத் தவிர வேறெதையும் எழுத எனக்கு மனசு வராது.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஸ்டேஷனில் உத்தியோகம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். எந்த ஊருக்கு மாற்றுகிறார்களோ அந்த ஊரில் என் அடுப்பு. ஆம்பூரில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கரீம் பாய், அவர் மனைவி நூர்ஜஹான், அவர்களுடைய ஒரே மகள் ஷம்மு. ஷம்முவுக்கு இப்போதுதான் பேச்சு வந்திருக்கிறது. உருதுவும் தமிழும் கலந்து பேசுவாள். பாதி அவள் அம்மாவுக்கு மட்டும் புரியும், பாதி யாருக்குமே புரியாது.

கரீம் பாய் டேனரியில் மேஸ்திரி. மயிர் நீக்கிய பச்சைத் தோலை, ஆவாரம்பட்டை ஊறிய குழித் தண்ணீரில் வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். அங்கேதான் அழுகிப்போக வேண்டிய தோல், செருப்பாகவும் பெட்டியாகவும் ஆகக்கூடிய தோலாக மாறுகிறது. அந்தக் குழிகளுக்கு இவர் பொறுப்பு. தண்ணீரை விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். இன்னும் பட்டை போடலாமா, போதுமா என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது. வீட்டிலும் அப்படித்தான்.

சில மாதங்களுக்கு முன்னால் வாணியம்பாடியில் அவருடைய தம்பி குழந்தைக்குச் சூடு பட்டு, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போன பாய் வேறு மனிதராகத் திரும்பி வந்தார்.

அங்கே புண்ணின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மருந்துத் தண்ணீரைத் தெளித்தார்களாம். புண் காய்ந்து, பதமான தோல் மாதிரி மேலே ஒரு மூடி கட்டிக்கொண்டதாம். குழந்தை பிழைத்துவிட்டது. பாய் மூக்கை உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். துவர்ப்பு வாசனை. காம்பவுண்டரைக் கேட்டால், ஆமாம் மேஸ்திரி, உங்கள் பட்டையில் இருக்கிற சத்துதான் இதுவும் என்று சொல்லியிருக்கிறார்.

அதில் பொய் இல்லை. அதுதான் சங்கடம். முழுப் பொய்யாக இருந்தால் யாராவது சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். உண்மையை ஒரு மூலையில் கிள்ளி எடுத்து வந்துவிட்டால்... பிறகு அதைத் தடுக்க யாரால் முடியும்?

பாய் ஊரெல்லாம் சொன்னார். டீக்கடையில் சொன்னார், தொழுகை முடிந்து வரும்போது சொன்னார், குழி மேட்டில் நின்று சொன்னார். நம் ஊரில் குழி குழியாக மருந்து இருக்க, அதைத் தேடி வேலூர் போவானேன்? விரலைச் சுட்டுக்கொண்டவர்கள் வந்து குழியில் விரலை நனைத்துக்கொண்டு போனார்கள். ஆறிற்று. ஆறாதா பின்னே? விரல் நுனியில் பட்ட சூடு, சும்மா விட்டாலும் ஆறும். ஆனால் ஆறின விரலெல்லாம் பாய்க்குச் சாட்சி சொல்லிற்று. பேரணாம்பட்டிலிருந்துகூட ஒருவர் பாட்டில் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போனதாகக் கேள்வி.

எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். நானும் ஒருநாள் பாராட்டினேன் என்றுதான் ஞாபகம்.

பிறகு ரம்ஜான் மாதம் வந்தது.

பக்கத்து வீட்டில் பகல் சாய்ந்ததும் நோன்புக் கஞ்சி கொதிக்க ஆரம்பிக்கும். அரிசி, பருப்பு, பூண்டு, கொஞ்சம் கறி. சுவர் தாண்டி வரும் அந்த மணத்துக்கு என் பேனா நின்றுவிடும். கஞ்சி என்றால் தண்ணீராக ஓடுவது இல்லை. குழைந்து, ஒட்டிக்கொள்ளும். வாயில் அது ருசி. உடம்பில்?

எங்கள் எல்லார் வீட்டிலும் அடுப்பு தரையில்தான். இறக்கி வைக்கிற பாத்திரமும் தரையில்தான். அன்றைக்கு நூர் கஞ்சிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, கரண்டி எடுக்கத் திரும்பியிருக்கிறாள். ஷம்மு ஒரு நூல்கண்டைக் கயிற்றில் கட்டி வண்டி இழுத்துக்கொண்டிருந்தாள். வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? அதைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறாள். பானை தடுக்கிற்று. விழுகிற பிள்ளை பின்னால் கையை ஊன்றும் அல்லவா... ஊன்றினாள்.

எனக்குக் கேட்டது முதலில் பானை உருளும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு மூச்சு நேரம் உலகத்தில் ஒன்றுமே இல்லை. அதன் பிறகுதான் அலறல். அந்த அலறலை மறந்துவிடலாம் என்று தோன்றுகிறது. நடுவில் வந்த மௌனத்தைத்தான் மறக்க முடியவில்லை.

ஓடினேன். வெறுங்கையோடு ஓடவில்லை, மேஜை மேலிருந்த மசிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். சூட்டுக்கு மசி என்பது நான் பிறந்த வீட்டு வைத்தியம். ஷம்முவின் கையைப் பார்த்ததும் கூட்டைக் கீழே வைத்துவிட்டேன். தோளிலிருந்து விரல் வரை கஞ்சி அப்பியிருந்தது. வயிற்றிலும் தெறித்திருந்தது. நூர் தன் உள்ளங்கையாலேயே அதை வழித்துக்கொண்டிருந்தாள். அவள் கை வெந்துபோனது அவளுக்கே தெரியவில்லை. வேறொன்றும் தோன்றாமல் மூலையிலிருந்த குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் போடும் என்று கொல்லைப்புறத்திலிருந்து யாரோ கத்தினார்கள். இன்னொருத்தி நெய் என்றாள். இன்னொருத்தி சாணி என்றாள். நான் குடம் காலியாகும் வரை ஊற்றினேன். அடுத்த குடத்தையும் ஊற்றினேன். கை நின்றால் அழுதுவிடுவேன் போலிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

ஷம்முவின் கையைத் தண்ணீரில் நனைத்த என் பழைய சேலைத் துண்டால் மூடினோம். அதற்குள் யாரோ டேனரிக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கரீம் பாய் வந்தார். வேட்டைக்குப் போய் வருகிறவர் போல மூச்சிரைத்தது. கையில் மூடி போட்ட ஒரு தகர டின். நேராகக் குழியிலிருந்து மொண்டு வந்திருந்தார். மகளின் முன் மண்டியிட்டு மூடியைத் திறந்தார்.

"தள்ளு. கையை இதுல வெக்கணும். கொஞ்ச நேரம் எரியும், அப்பறம் கம்மியாயிடும்."

வீட்டில் அவர்கள் பேசிக்கொள்வது உருதுவில். பாய் சொன்னதும் அதில்தான், அர்த்தத்தை நூர் பிறகு சொன்னாள். நூர் பதில் சொன்னது தமிழில். எனக்கும் புரிய வேண்டும் என்றுதான் அவள் பாஷையை மாற்றினாள். அது பிறகுதான் எனக்கு உறைத்தது.

"வேணாங்க."

"இன்னா வேணாம்? வேலூர்ல இதைத்தான் ஊத்துனாங்க. நா கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"அப்ப வேலூர்லயே ஊத்தட்டும்."

"வேலூர் போறதுக்குள்ள புள்ள தாங்குமா? இங்க கைல மருந்து இருக்குது."

"உங்க கைலிய தோய்க்கிறது நானு. அந்தக் குழியில இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? மூணு தண்ணி மாத்தினாலும் நாத்தம் போவல."

பாயின் முகம் சிவந்தது. கோபத்தைவிட அவமானம்தான் அதில் ஜாஸ்தி. வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் இந்த மருந்தைச் சொன்னவர் அவர்.

"நா தினம் நாக்குல வெச்சுப் பாக்குறேன். எனக்கு இன்னா ஆயிட்டுது?"

"உங்க நாக்குல தோல் இருக்குதுங்க," என்றாள் நூர்.

ஷம்மு அழுதுகொண்டே இருந்தாள்.

வேலூர் பஸ் வருகிற நேரம் என்று நான் சொன்னேன். பாய் எழுந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார். ஆனால் டின்னை விடவில்லை. அதையும் இடுக்கிக்கொண்டார். நூர் புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஊரை விட்டுப் போகும்போதெல்லாம் திரை கட்டிய ஜட்கா வண்டியில் போய்ப் பழகியவள், என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். அவள் கை கொதித்தது.

நீங்கள் சூடு பட்ட குழந்தையோடு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போகாமல் இருக்க வேண்டும். போனால் ஒன்று தெரிந்துகொள்வீர்கள் — நம் ஜனங்களில் வைத்தியம் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

குடியாத்தத்து நெசவுக்காரர் ஒருவர் லுங்கி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியை ஆறவைத்துப் பூசினால் எந்தச் சூடும் இறங்கிவிடும் என்றார். கஞ்சி என்ற சொல்லைக் கேட்டதும் நூர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜோலார்பேட்டையில் என்ஜின் வேலை செய்கிறவர் ஒருவர், அதெல்லாம் சரிப்படாது, கிரீஸ்தான், எங்கள் ஷெட்டில் எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறோம் என்றார். பாய் மடியில் டின்னை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் பதில் தன்னிடம் இருப்பதைப் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. அவரவர் தொழிலில் கையில் எது இருக்கிறதோ, அதுவே அவரவருக்கு மருந்து. நெசவுக்காரருக்குக் கஞ்சி, ரயில்காரருக்குக் கிரீஸ், தோல்காரருக்குப் பட்டைத் தண்ணீர். எழுதுகிறவளுக்கு? மசி. வேடிக்கையாக இருக்கிறது அல்லவா... குழந்தை அழும்போது சும்மா இருக்க முடியாத கை, பக்கத்தில் கிடப்பதை எடுத்துப் பூசுகிறது. பூசுவது குழந்தைக்காகவா, அந்தக் கையின் நடுக்கத்துக்காகவா?

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் டயர் போயிற்று.

எல்லாரும் இறங்கினார்கள். நாங்கள் மூவரும் இறங்கவில்லை. நாங்கள் வந்த பக்கத்து வயல்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஷம்மு திடீரென்று அழுகையை நிறுத்தினாள். அப்பாடா என்று நினைத்தேன். அடுத்த கணம் அவள் உதடு வெளுத்திருப்பதைப் பார்த்தேன். உடம்பு நடுங்கிற்று. நெற்றி ஜில்லென்று இருந்தது. நூர் புர்காவின் நுனியால் அவளைப் போர்த்தினாள். நான் என் சேலைத் தலைப்பையும் சேர்த்துப் போர்த்தினேன்.

அழுகிற குழந்தை பயமுறுத்தும். அழாத குழந்தை... அதற்கு என்னிடம் சொல் இல்லை.

சூரியன் மறைந்தது. நூர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவள். நெசவுக்காரர் ஜன்னல் வழியாக ஒரு செம்பு தண்ணீரை நீட்டினார். நோன்பு திறவுங்கள் தாயே என்றார். அவள் அதை வாங்கி, விரலால் தொட்டுத் தொட்டு ஷம்முவின் உதட்டில் வைத்தாள். குழந்தை நாக்கை நீட்டி ஒரு சொட்டை வாங்கிக்கொண்டது. இன்னொரு சொட்டு. பிறகு ஒரு வாய். அதன் பின்தான் நூர் தான் குடித்தாள்.

பாய் டின்னின் மூடியைத் திறந்தார்.

அந்த வாசனை பஸ் முழுக்க நிறைந்தது. பட்டையின் துவர்ப்பு மட்டும் இல்லை. அதற்கு அடியில் இன்னொன்று. வீட்டில், பதற்றத்தில், நான் கவனிக்காத ஒன்று. எத்தனையோ மாடுகளின், ஆடுகளின் கடைசி வாசனை.

"போய்ட்டே இருக்குது புள்ள," என்றார் பாய். குரல் உடைந்திருந்தது. "கண்ணெதிர்ல போய்ட்டே இருக்குது. கைல மருந்த வெச்சினு நா பாத்துனு உக்காந்திருக்கணுமா? நாளைக்கு நீ என்னக் கேப்ப. அப்ப நா இன்னா சொல்லுவேன்?"

நான் பாயைப் பார்த்தேன். அந்த மனிதர் பிடிவாதத்தில் பேசவில்லை. அவர் மகளைக் காப்பாற்றத்தான் துடித்துக்கொண்டிருந்தார். நான்கூட ஒரு கணம்... ஊற்றட்டுமே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துவிட்டேன்.

நூர் குனிந்தாள். குழந்தையை மடியில் வைத்தபடியே, தன் புருஷனின் கால் பக்கம் கையைக் காட்டினாள். அவருடைய இடது கணுக்காலில் ஒரு துணிக்கட்டு. அழுக்கும் ஈரமுமாக.

"இந்தப் புண்ணு எப்ப வந்துது? மொகரத்துக்கு முன்னாடி. தினம் அந்தக் குழியிலதான எறங்குறீங்க? தினம் அதே தண்ணியிலதான நிக்கிறீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "ஏன் ஆறல?"

பாய் தன் காலைப் பார்த்தார். டின்னை மூடவும் இல்லை, ஊற்றவும் இல்லை. வெளியே டயரைக் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பியபோது டின் தளும்பி அவர் கைலி நனைந்தது. அப்போதும் அவர் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் விளக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். டாக்டரம்மா ஒல்லியான பெண்மணி, முகத்தில் களைப்பு. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன பூசினீர்கள் என்பதுதான்.

தண்ணீர், வேறொன்றும் இல்லை என்றாள் நூர்.

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "இன்றைக்கு இதுதான் நான் கேட்ட முதல் நல்ல சேதி," என்றார்.

குழந்தையை உள்ளே கொண்டுபோய்க் கழுவி, மருந்து போட்டு, கம்பளியால் சுற்றிப் படுக்க வைத்தார்கள். எலும்பு வரை வெந்துவிடவில்லை, காய்ச்சல் வராமல் பார்க்க வேண்டும், சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். இத்தனை 'வேண்டும்'களுக்கு நடுவில், பிழைத்துக்கொள்வாள் என்ற ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு பாய் டின்னை நீட்டினார். ஏன் நீட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இவ்வளவு தூரம் தூக்கி வந்ததை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். இங்கே போடுவதும் இதுவும் ஒன்றுதானே டாக்டரம்மா என்று கேட்டார். வாதாடும் குரலில் கேட்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

டாக்டரம்மா சிரித்துவிடுவார் என்று பயந்தேன். அவர் டின்னை வாங்கி முகர்ந்தார்.

"வாசனை ஒன்றுதான். நாங்கள் பொடியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் அப்போதைக்கப்போது கரைக்கிறோம். மறுநாளைக்கு வைக்க மாட்டோம், கொட்டிவிடுவோம். இது எத்தனை நாளைய தண்ணீர்?"

"பழசுல புதுசு ஊத்தினே இருப்போம். குழி காலியே ஆவாது."

"கொதிக்க வைப்பீர்களா?"

"கொதிக்க வெச்சா பதம் கெட்டுடுமே," என்றார் பாய். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறிற்று.

டாக்டரம்மா அதற்கு மேல் அதை நீட்டவில்லை. தோல் போன இடம் திறந்த கதவு மாதிரி என்று மட்டும் சொன்னார். சாணியும் மண்ணும் நெய்யும் பூசிக்கொண்டு வருகிற குழந்தைகளைச் சொன்னார். பூசியதைக் கழுவி எடுப்பதே பெரிய சித்திரவதை, அதைத் தாங்காமல் போன பிள்ளைகளும் உண்டு. தங்கள் மருந்தைப் பற்றியும் அவர் பெருமை பேசவில்லை. "மேலே காய்கிறது. அடியில் என்ன நடக்கிறது என்று நானும் தினம் பயந்துகொண்டுதான் பார்க்கிறேன். இதைவிட நல்லது வந்தால் இதை விட்டுவிடுவேன்." படித்தவர் ஒருவர் இப்படிச் சொல்லிக் கேட்க எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

போகிற போக்கில் அவர் ஒன்று கேட்டார். இந்தக் குழித் தண்ணீரை உங்கள் ஊரில் வேறு யாராவது பூசுகிறார்களா?

கரீம் பாய் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். அன்று முழுக்கச் சேர்ந்த பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அப்போதுதான் அந்த முகத்துக்கு வந்து சேர்ந்தது.

நான் சில நாட்கள் அங்கே இருந்தேன். நூருக்கு ஆண்கள் வார்டுப் பக்கம் போய் மருந்து வாங்கி வரக் கூச்சம். நான் வாங்கி வருவேன். மற்ற நேரமெல்லாம் நடப்பேன். எனக்கு உட்கார வராது. குழந்தைகள் வார்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டேன். இது எப்படி? அடுப்பு. இது? சிம்னி விளக்கு கவிழ்ந்தது. இது? குளிக்க வைத்த வெந்நீர் அண்டா. இது? அடுப்போரம் போன பாவாடையின் ஓரம். அந்தச் சின்னப் பெண் தன் பெயரைச் சொல்லாமல் பாவாடையின் நிறத்தைச் சொன்னாள்.

நாம் நின்றுகொண்டு வீட்டைப் பார்க்கிறோம். தீ தரையில் உட்கார்ந்திருக்கிறது. குழந்தையும் தரையில்தான் இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பது, நம் உயரத்துக்குத் தெரிவதே இல்லை.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் பெரிய விஷயங்கள் இல்லை. அடுப்பை மேடை கட்டி ஏற்றுங்கள். முடியாதா, குழந்தை தாண்ட முடியாதபடி வாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வையுங்கள். இறக்குகிற பாத்திரத்தைச் சுவரை ஒட்டி, அடுப்புக்குப் பின்னால் இறக்குங்கள். அண்டாவில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். அப்படியும் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றுங்கள், ஈரத் துணியால் மூடுங்கள், உடம்பின் மற்ற இடத்தைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்... வேறு ஒன்றும் வேண்டாம் என்பதை மட்டும் அவர் மறுபடியும் மறுபடியும் சொன்னார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் நமக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஷம்முவுக்குக் காய்ச்சல் வந்தது. ஏறிற்று. நூர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே இருந்தாள். அவள் கையிலும் ஒரு கட்டு. ஒரு விடியற்காலை குழந்தை கண்ணைத் திறந்து, அந்தக் கட்டைப் பார்த்து, உனக்கும் பூச்சி கடித்ததா என்று உருதுவில் கேட்டதாம். அன்றைக்குத்தான் காய்ச்சல் இறங்கிற்று. கேட்டவுடன் நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ஆனாலும் முடிந்துவிடவில்லை. முழங்கை மடங்கினபடியே ஆறினால் அப்படியே நின்றுவிடும். தினமும் அதை நீட்ட வேண்டும், அழுதாலும் நீட்ட வேண்டும் என்று நர்ஸ் காட்டிக் கொடுத்தாள். முதல் நாள் நூரால் முடியவில்லை. கரீம் பாய்தான் நீட்டினார். ஊரில் குழி மேட்டில் நின்று அதட்டுகிற மனிதர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உருதுவில் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டே நீட்டினார். அந்தக் கை முழுதாக நீளுமா? இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு இல்லை என்று சேதி வந்தது. கிளம்பினேன். வழியனுப்ப இரண்டு பேரும் வார்டு வாசல் வரை வந்தார்கள். பாய் ஷேவ் செய்து பல நாள் ஆகியிருந்தது. காலில் வெள்ளைக் கட்டு, புதிது. ஆஸ்பத்திரியில் போட்டது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "ஸ்டேஷனம்மா, ஊர்ல எவனும் புள்ளயத் தூக்கினு குழிக்குப் போவக் கூடாது. நா வர்ற வரைக்கும் நீங்க சொல்லுங்க. எம்பேரச் சொல்லியே சொல்லுங்க. கரீம் சொன்னது தப்புன்னு கரீமே சொல்லச் சொன்னான்னு சொல்லுங்க. இல்லன்னா கேக்க மாட்டானுங்க."

தெருத் தெருவாகப் போய், வாசல் வாசலாகச் சொல்கிறேன் பாய் என்றேன்.

நூர் புர்காவின் முகத்திரையைத் தூக்கினாள். வராந்தாவில் ஆண்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"வாசல்ல நிக்கிற ஆம்பளைங்களுக்கு இவரு சொல்லிக்குவாரு அக்கா. நீங்க அடுப்பங்கரைக்குள்ள போய்ச் சொல்லுங்க."